‘பிரதர் இன் லா’ என்று எழுதுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருஷம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கனடா விசா விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, பிழை இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள் என்றான். அழைப்பவருக்கும் தனக்கும் என்ன உறவு என்று கேட்ட இடத்தில் ‘பிரதர் இன் லா’ என்று எழுதியிருந்தான். டொரன்டோவிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்திலோ ‘கசின்’ என்று இருந்தது. பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. பிறகு எப்படி பிரதர் இன் லா வந்தார் என்று கேட்டேன்.

“அத்தை பையன் அண்ணா. பொறந்ததுல இருந்து மச்சான்னுதான் கூப்பிடுறேன்.”

தமிழ்ப்படி அவன் சொன்னது சரி. ஆங்கிலப்படி, நடக்காத ஒரு கல்யாணம் நடந்துவிட்டதாக அவன் கையெழுத்துப் போட இருந்தான்.

இந்தச் சொல்லில் நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆங்கிலத்தில் ‘இன் லா’ என்று முடியும் உறவு கல்யாணத்தின் வழியாக மட்டுமே வரும். ஒன்று நமக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், அல்லது கூடப் பிறந்தவருக்கோ பிள்ளைக்கோ ஆகியிருக்க வேண்டும். தமிழில் அப்படி இல்லை. அத்தை மகனும் மாமா மகனும் பிறக்கும்போதே மச்சான் முறை. கல்யாணம் நடக்கலாம், நடக்காமலே போகலாம், முறை மாறாது. ஆங்கிலம் உறவு வந்த வழியைச் சொல்கிறது, தமிழ் முறையைச் சொல்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871ல் வெளியிட்ட உறவுமுறை அட்டவணைகளில் தமிழையும் சேர்த்து, ஆங்கில முறையிலிருந்து இது எவ்வளவு விலகியது என்று காட்டினார். இரண்டு கணக்குகளை ஒன்றென்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. இங்கிலீஷ் தெரியாததால் வருவது என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆகவே ஆங்கிலப் படிவத்தில் அத்தை மகன் ‘கசின்’, மாமா மகனும் ‘கசின்’. இன்னும் தெளிவு வேண்டுமானால் அப்பாவின் தங்கை மகன் என்று ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். அத்தை மகனே உங்கள் அக்காவைக் கட்டியிருந்தால்? அப்போது ‘பிரதர் இன் லா’ சரி. திருமணச் சான்றிதழ் கேட்டால் காட்ட முடியும் அல்லவா? ரத்த உறவும் உண்டு என்பதைக் கடிதத்தில் தனியாகச் சொல்லிவிடலாம். ‘மாமா’, ‘அத்தை’ என்ற சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. அம்மாவின் தம்பி ‘அங்கிள்’தான், அவர் மகளை நீங்கள் கட்டிய பிறகே ‘ஃபாதர் இன் லா’.

இதற்கு நேர் எதிரான தவறு பெரியப்பா மகன் விஷயத்தில் நடக்கிறது. நமக்கு அவர் அண்ணன். அதை அப்படியே ‘பிரதர்’ என்று எழுதினால், ஒரே தாய் தகப்பன் என்று ஆங்கிலம் புரிந்துகொள்ளும். பெற்றோர் பெயர் வேறாக இருப்பதைப் பார்த்து அதிகாரி கேள்வி கேட்பார். வெறும் கசின் என்று சொல்ல மனம் வராமல் நாம் உண்டாக்கிக்கொண்ட சொல்தான் ‘கசின் பிரதர்’. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, கூடவே வளர்ந்த அண்ணனைத் தள்ளிவைப்பது போல் இருக்கும். வீட்டிலும் ஊரிலும் தாராளமாகச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் தாளில் மட்டும் ‘கசின்’ போதும்.

‘கோ-பிரதர்’ என்பதும் தென்னிந்தியாவுக்குள் மட்டும் செல்லும் நாணயம். சகலையைச் சொல்ல அழகான வசதி, ஆனால் லண்டனில் யாருக்கும் விளங்காது. மனைவியின் சகோதரியின் கணவரையும் ‘பிரதர் இன் லா’ என்ற சொல்லுக்குள் ஆங்கில அகராதிகள் சேர்த்திருக்கின்றன. ‘கோ-சிஸ்டர்’ என்று நாம் சொல்லும் ஓரகத்தி, அதேபோல் ‘சிஸ்டர் இன் லா’. சம்பந்திக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. மருமகளின் அப்பா என்று விரித்துத்தான் எழுத வேண்டும்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது கண்ணை மூடிக்கொண்டு ‘மைத்துனர்’ என்று போடுவது அடுத்த தவறு. அந்த ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் மனைவியின் அண்ணன் தம்பி இருக்கிறார்கள், கணவனின் தம்பியான கொழுந்தன் இருக்கிறார், அக்காள் கணவரான அத்தான் இருக்கிறார், தங்கை கணவரான மாப்பிள்ளை இருக்கிறார், சகலையும் இருக்கிறார். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி கூப்பிடும் சொல் வேறு மாறும். கதையில் ஒரு பெண் தன் கணவனின் தம்பியை மைத்துனர் என்று சொன்னால் காதில் ஒட்டாது. செய்தியில் யார் என்று உறுதியாகத் தெரியும்வரை விசாரியுங்கள். தெரிந்தபின் ‘சகோதரியின் கணவர்’, ‘மனைவியின் தம்பி’ என்று உடைத்து எழுதுவதே நல்லது.

‘லா’ என்பதைப் பார்த்துச் ‘சட்டப்படி சகோதரன்’, தத்து வந்தவன் என்று பொருள்கொள்வோரும் உண்டு. இங்கே சட்டம் என்பது கிறிஸ்தவத் திருச்சபையின் திருமணச் சட்டம். கல்யாணத்தால் வந்த நெருங்கிய உறவுக்குள் மறுபடி மணம் கூடாது என்று அது விலக்கியது. மனைவியின் தங்கை தங்கையாகவே எண்ணப்பட்டாள். மனைவி இறந்தபின் அவள் தங்கையை மணந்தால் அந்த மணம் செல்லாது என்று இங்கிலாந்தில் 1835ல் சட்டமே வந்தது. 1907ல்தான் அந்தத் தடை நீங்கியது. அக்கா இறந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தங்கையையே கட்டிவைக்கும் வழக்கமுள்ள நமக்கு இது வியப்பாக இருக்கும். பழைய நாவல் படிப்பவர்களுக்கு இன்னொன்று: 19ஆம் நூற்றாண்டு வரை ‘மதர் இன் லா’ என்றால் சிற்றன்னை என்றும் பொருள் இருந்தது. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் கதையில் மணமாகாத சாம் வெல்லர் அப்படிச் சொல்வது அப்பாவின் இரண்டாம் மனைவியைத்தான், மாமியாரை அல்ல.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியது பன்மை. ‘மைத்துனர்கள்’ என்று கடைசியில் ‘கள்’ சேர்த்தே பழகிய நாக்கு, ‘பிரதர் இன் லாஸ்’ என்று சொல்லிவிடும். எழுத்து ஆங்கிலத்தில் அது ‘பிரதர்ஸ் இன் லா’, ஏனென்றால் பெயர்ச்சொல் முதலில் இருக்கிறது. உடைமையைச் சொல்லும்போது மட்டும் அந்த ‘ஸ்’ கடைசியில் விழும்: மச்சானுடைய கார், ‘பிரதர் இன் லாஸ் கார்’. மனைவி அல்லது கணவன் வீட்டாரை மொத்தமாகச் சொல்ல ‘இன் லாஸ்’ என்றால் போதும். எழுதும்போது மூன்று சொற்களுக்கும் நடுவே இரண்டு சிறு கோடுகள் வேண்டும்.

பையன் அந்த இடத்தில் ‘கசின்’ என்று மாற்றினான். கடிதத்தில் அப்பாவின் அக்கா மகன் என்ற வரியையும் சேர்த்தான். வெளியே போய், கைப்பேசியில் “மச்சான், பேப்பர் எல்லாம் ரெடி” என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது.