முதல் பயிற்சிப் படம்: படப்பிடிப்பிலும் எடிட்டிங்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் பிள்ளைகள் முதல் பயிற்சிக்கே நாலு பேர் நடிக்கும் இருபது நிமிடக் கதையைக் கையில் எடுக்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நடிப்பு, வசனம், உடை, நண்பர்களின் லீவு நாள் எல்லாவற்றையும் சமாளிப்பதிலேயே நேரம் போய்விடும். கேமராவையும் எடிட்டிங்கையும் கற்றுக்கொள்ள மிச்சம் இருக்காது. ஒரு மனிதர், ஒரு வேலை, மூன்று நிமிடம் போதும். பவானியில் ஜமுக்காளம் நெய்யும் ஒரு குழித்தறியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே அசைவு திரும்பத் திரும்ப நடக்கிறது. இப்போது தவறவிட்ட ஷாட்டை அடுத்த நிமிடமே எடுக்கலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

சரி, தறி வீட்டுக்குப் போயாயிற்று. கேமராவை ஓரிடத்தில் வைத்து இருபது நிமிடம் ஓடவிடுவது அடுத்த தவறு. அதே இடத்தில் நின்றுகொண்டு ஜூமை முன்னும் பின்னும் இழுப்பதும் அதே வகைதான். எடிட்டிங்கில் உட்காரும்போது வெட்டிச் சேர்க்க எதுவும் இருக்காது. நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். கால் மிதியை அழுத்துகிறது, பாவு (நீளவாக்கு நூல்) விரிகிறது, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்கிறது, கை பலகையை இழுத்து நூலை நெருக்கி அடிக்கிறது. இந்த ஒரு சுற்றையே முழுத் தறி, முகம், கை, குழிக்குள் கால், நெய்து வரும் நிறப்பட்டை என்று ஐந்து ஷாட்டாக எடுங்கள். ஒவ்வொன்றையும் பத்து விநாடியாவது அசையாமல் பிடியுங்கள். கிட்டத்தில் வேண்டுமென்றால் ஜூம் போடாமல் நீங்களே கிட்டப் போங்கள். கால் ஷாட் ஒன்று கையில் இருந்தால், அவர் பேச்சில் நடுவே வரும் தேவையில்லாத நாலு வரியை வெட்டிவிட்டு அந்த இடத்தைக் காலால் மூடிவிடலாம். இல்லையென்றால் முகம் துள்ளிக் குதிக்கும்.

தறியின் ஒரு பக்கத்திலேயே நின்று எடுங்கள். முன்னால் நின்று எடுத்தபோது இடமிருந்து வலம் போன நாடா, பின்னால் நின்று எடுத்தால் வலமிருந்து இடம் போகும். இரண்டையும் ஒட்டினால் பார்ப்பவருக்குத் திசை குழம்பும்.

தறி வீடுகளில் வெளிச்சம் பெரும்பாலும் வாசலிலிருந்தோ கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்தோ வரும். வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் முகம் இருட்டிவிடும். வெளிச்சம் முகத்தின் பக்கவாட்டில் விழும்படி நீங்கள் இடம் மாறுங்கள், அல்லது பேட்டிக்கு மட்டும் அவரைத் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். போனின் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பூட்டாமல் விட்டால், யாராவது குறுக்கே நடக்கும்போதெல்லாம் படம் வெளுக்கும், நிறம் மாறும். டியூப் லைட், மலிவு எல்இடி பல்பின் கீழே திரையில் கோடு கோடாக ஓடுவதற்கும் காரணம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒலியில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. படம் கொஞ்சம் ஆடினாலும் ஜனங்கள் பார்ப்பார்கள், பேச்சு புரியவில்லை என்றால் அடுத்த நொடியே மூடிவிடுவார்கள். நம் ஊரில் சிரமம் இன்னும் கூடுதல். காவிரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் குமாரபாளையம், இந்தப் பக்கம் சோமனூர், பல்லடம் என்று எங்கே போனாலும் விசைத்தறிச் சத்தம் இருக்கும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மைக்கில் மோதிப் படபடக்கும். போன் கேமரா ஆறடி தள்ளி இருக்க, அதன் மைக்கையே நம்பிப் பேட்டி எடுக்காதீர்கள். இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு அவர் சட்டைப் பையில் வையுங்கள், தொடங்கும்போது ஒருமுறை கையைத் தட்டுங்கள். அந்தத் தட்டலை வைத்து எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்திவிடலாம். வெளியில் எடுத்தால் மைக்குக்கு பஞ்சு உறை அவசியம். ஹெட்போன் போட்டுக் கேட்காமல் கிளம்பவே கூடாது.

கேள்வி கேட்கும் விதமும் ஒலியைச் சேர்ந்ததுதான். "சின்ன வயசிலிருந்தே நெய்யறீங்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அதை வைத்து என்ன செய்ய? "தறிக்கு வந்த கதையைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். "ஏனுங்க தம்பி, கேமராவைப் பார்க்கோணுங்களா?" என்று அவர் கேட்டால், உங்களைப் பார்த்தே பேசச் சொல்லுங்கள். அவர் பேசும்போது நடுவில் "ம்... ம்..." கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். வெட்டிய இடங்களில் விழும் வெற்றிடத்தை அடைக்க அது வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவருக்கு நெய்த அளவுக்குத்தான் கூலி. உங்களுக்காகத் தறி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு வருமான இழப்பு. முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தறி ஓடும்போதே எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டு, பேட்டியைச் சாப்பாட்டு வேளையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டிங்கில் பெரிய தவறு, எடுத்ததை முழுக்கப் பார்க்காமலே டைம்லைனில் கொட்டி, உடனே பாட்டும் டிரான்ஸிஷனும் தேடப் போவது. முதலில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலும் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் காப்பி எடுங்கள். நண்பருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். அப்புறம் பேட்டியைக் கேட்டு, நல்ல வரிகளைத் தாளில் எழுதி வரிசைப்படுத்துங்கள். பேச்சை முதலில் அடுக்கி, படத்தை அதன்மேல் வையுங்கள். போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் (விநாடிக்கு எத்தனை படம் என்பது) நிலையாக இருக்காது; நீளமான பேட்டியில் உதடும் குரலும் மெல்ல விலகுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு வெட்டத் தொடங்குங்கள். வெட்டுவதற்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம்.

சினிமாப் பாட்டைப் பின்னால் போடாதீர்கள். யூடியூபில் காப்புரிமை உரிமைகோரல் வரும் என்பது ஒரு காரணம். தறியிடமே நல்ல தாளம் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். தறிச் சத்தத்தை முதலில் கேட்கவிட்டு, ஒரு விநாடி கழித்துத் தறியைக் காட்டிப் பாருங்கள். ஜமுக்காளத்தின் வரலாற்றைப் பின்னணிக் குரலில் வாசிப்பதும் வேண்டாம். புவிசார் குறியீடு பெற்றது என்பதைத் திரையில் ஒரு வரியாகப் போட்டால் போதும். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் தமிழ் எழுத்து கொம்பும் காலும் பிரிந்து வந்தால், கிராபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினுக்கு மாற்றுங்கள்.

முதல் வெட்டு முடிந்ததும் எந்த ஷாட் இல்லை என்பது பளிச்சென்று தெரியும். அதோடு நிறுத்தி, இருப்பதை வைத்து ஒப்பேற்றிச் சமர்ப்பித்துவிடுவதால்தான் பல பயிற்சிப் படங்கள் பாதிப் பாடத்தோடு நின்றுவிடுகின்றன. பட்டியல் போட்டுக்கொண்டு மறுபடி போங்கள். தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் சுருள்) சுற்றும் அம்மா விடுபட்டிருப்பார், நாடா கிட்டத்தில் வந்திருக்காது. முதலில் எடுத்த அதே நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்; காலை வெளிச்சத்தோடு மாலை வெளிச்சம் ஒட்டாது. கிளம்புமுன் நெசவாளருக்குப் போன் போட்டு, தறியில் இப்போது என்ன நிறம் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு எடுத்தது சிவப்புப் பட்டை, இப்போது பச்சை என்றால் கை ஷாட்டை அதோடு சேர்க்க முடியாது. கால், முகம், தார் சுற்றுவதை மட்டும் எடுத்துவிட்டு வரலாம்.