வெளிநாட்டுப் படிப்பு ராஜதந்திரத்தில் பதித்த தடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சீன ராஜதந்திரி வெலிங்டன் கூவை வைத்துப் பழகுங்கள். ஒரு தாளில் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள்: என்ன படித்தார், என்ன பதவி, எந்த வாதம்.

முதல் பத்தியில் பல்கலைக்கழகப் பெயரோடு நிறுத்தாதீர்கள். ஆய்வேட்டின் பொருளும் வேண்டும். கூ 1912இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எழுதியது சீனாவில் வெளிநாட்டாரின் சட்ட நிலை பற்றி. இரண்டாவதில், அதே ஆண்டு சீன அதிபர் யுவான் ஷிகாயின் ஆங்கிலச் செயலாளர், 1915இல் வாஷிங்டன் தூதர்.

மூன்றாவதுதான் சாறு. 1919 ஜனவரி 28, முதல் உலகப் போருக்குப் பிந்தைய பாரிஸ் அமைதி மாநாடு. ஷான்டோங் சீன மாகாணம்; அங்கே ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளைப் போரில் ஜப்பான் பிடித்திருந்தது. அவற்றைத் திருப்பிக் கேட்ட கூ, ஜெர்மனிமீது 1917இல் சீனா போர் அறிவித்ததுமே அந்நாட்டுடனான பழைய ஒப்பந்தங்கள் செல்லாமல் போயின என்றார். முதல் பத்தியையும் இதையும் கோடிட்டு இணையுங்கள். சட்டம் படித்தவர் பேச்சு என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

பலர் சறுக்குவது இங்கே: பேச்சு நன்றாக இருந்ததால் வென்றது என்று எழுதிவிடுவார்கள். வெல்லவில்லை. 1918 செப்டம்பரில் பெய்ஜிங் அரசே ஷான்டோங் விஷயத்தில் ஜப்பானுக்குச் சம்மதக் கடிதம் கொடுத்திருந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் ஜப்பானை ஆதரிப்பதாக முன்பே வாக்குறுதி கொடுத்திருந்தன. ஜெர்மனியுடனான வெர்சாய் அமைதி ஒப்பந்தத்தில் சீனா கையெழுத்திட மறுத்தது. ஷான்டோங் திரும்பக் கிடைக்க வழி செய்த ஒப்பந்தம் 1922 பிப்ரவரியில்தான் வந்தது.

கடைசியாக ஒரு எதிர்ச்சோதனை. பாரிஸ் சென்ற அதே சீனக் குழுவில் சி. டி. வாங் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தலைவர் லூ ஸெங்சியாங்கோ உள்நாட்டிலேயே மொழி பயின்றவர். அவரும் கையெழுத்திடவில்லை. ஆகவே மறுப்பை அமெரிக்கப் படிப்பின் கணக்கில் எழுதாதீர்கள். வாதத்தின் வடிவத்தை மட்டும் எழுதலாம்.