ஏரோஸ்கோபிங் போகிறீர்களா? காரைக் கரையிலேயே விடுங்கள்

டென்மார்க்கின் ஏரோ தீவுக்குப் போகும்போது காரைப் படகு கிளம்பும் ஊரான ஸ்வென்போர்க்கிலேயே நிறுத்திவிட்டு, வெறும் ஆளாகப் படகு ஏறுங்கள். படகில் காருக்குத் தனிக் கட்டணம், கோடையில் முன்பதிவும் தேவை. இந்த இரண்டும் மிச்சம். ஒன்றேகால் மணி நேரத்தில் தீவில் உள்ள ஏரோஸ்கோபிங் ஊரின் துறைமுகத்திலேயே இறங்கலாம். தீவைச் சுற்றும் 790ஆம் எண் பேருந்தில் டிக்கெட்டே கிடையாது, எல்லோருக்கும் இலவசம். மார்ஸ்டால், சோபி இரண்டு ஊருக்கும் அதிலேயே போகலாம்.

ஏரோஸ்கோபிங் ஊரே நடப்பவர்களுக்கானது. பாய்மரக் கப்பல் காலத்துக் கூழாங்கல் தெருக்கள், சாய்ந்து நிற்கும் குட்டி வீடுகள், கதவோரம் ஆளுயர ஹாலிஹாக் பூக்கள். ஒரு வீட்டில் 1690 என்று ஆண்டு இருக்கும். துறைமுகத்தில் ஒரு சின்ன சமையல் வீட்டையும் அவசியம் பாருங்கள். மரக்கப்பல்களில் தீப்பிடிக்கும் என்று பயந்து, கரைக்கு வந்த மாலுமிகளை அங்கேதான் சமைக்க வைத்தார்கள்.

கூடாரம், கைக்குழந்தை, நிறைய மூட்டை என்று போனால் கார் இருப்பதே நல்லது. இரவிலும் வார இறுதியிலும் பேருந்து குறைவு. அப்போது நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.