காபிச் சக்கையைத் தொட்டியில் கொட்டாதீர்கள், முதலில் மட்க விடுங்கள்

மாடித்தோட்டம் போட்ட புதிதில், காலையில் பில்டரைத் தட்டி, சக்கையை அப்படியே மிளகாய்த் தொட்டியில் கொட்டிவிடுவேன். உரம் என்று நினைப்பு. பத்துப் பதினைந்து நாளில் மண்மேல் அப்பளம் மாதிரி ஏடு கட்டிவிட்டது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து போனது. குச்சியால் கிளறினால் கீழே மண் தூசியாகப் பறக்கிறது.

நைசான துகள் என்பதால் காபிச் சக்கை காய்ந்ததும் இறுகி, தண்ணீரைத் தள்ளும். அதில் தழைச்சத்து சுமார் 2 சதவீதம் உண்டு, ஆனால் நுண்ணுயிர்கள் தின்று செரித்த பிறகுதான் அது செடிக்குக் கிடைக்கும். மிச்சமிருக்கும் காஃபீன் விதை முளைப்பதையும் தடுக்கும். சக்கை ரொம்பப் புளிப்பு, மண்ணைக் கெடுத்துவிடும் என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். புளிப்பில் பெரும்பகுதி டிக்காஷனோடு இறங்கிவிடும். சிக்கரி கலந்த பொடியா? அதுவும் ஒரு வேர்தான், மட்கிவிடும்.

1. வாளி தயார் செய்தல்

20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று, மூடியோடு. கம்பியைச் சூடாக்கி அடியில் ஐந்தாறு ஓட்டை, பக்கவாட்டில் இரண்டு வரிசை ஓட்டை போடுங்கள். இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, அடியில் ஒரு தட்டு. மழை படாத நிழலான இடம் போதும்.

2. எதைப் போடலாம்

காபிச் சக்கை, காய்கறித் தோல், நறுக்கிய வாழைப்பழத் தோல், காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு. பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதித்த டீத்தூளைக் கட்டாயம் அலசிப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரிசை கட்டும். சோறு, குழம்பு, எண்ணெய், ஊறுகாய், மீன் கழிவு வேண்டாம். காபிச் சக்கை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

3. அடுக்குதல்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். சமையலறைக் கழிவு ஒரு கிண்ணம் என்றால், சருகு இரண்டு கிண்ணம் வேண்டும். சருகு இல்லையா, தேங்காய் நார்க்கழிவோ கிழித்த செய்தித்தாளோ ஆகும். முதலில் அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு. அப்புறம் கழிவு, மேலே சருகு, ஒரு கைப்பிடி பழைய தொட்டி மண். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளிக்கலாம்.

நாலு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். கிளறும்போது ஒரு பிடி அள்ளிக் கையில் இறுக்கிப் பாருங்கள். பிழிந்து வைத்த துணி போல ஈரம் தெரிந்து, ஒரு சொட்டு வந்தால் சரி. விரலிடுக்கில் தண்ணீர் ஓடினால் சருகு போடுங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நாற்றம் வந்தாலும் மருந்து சருகுதான், ஈரம் அதிகமாகிக் காற்று போகவில்லை என்று பொருள்.

கொழுத்த புழுக்கள் நெளிந்தால் வாளியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவை கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்னும், செடியைத் தொடாது. பார்க்கத்தான் சகிக்காது!

4. பக்குவம் பார்த்தல்

வாளி நிரம்பியதும் போடுவதை நிறுத்திவிட்டு, கிளறுவதை மட்டும் தொடருங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மாதம் போல ஆகும். கருத்து, உதிரியாகி, புதுமழை பெய்த மண் வாசனை வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கொட்டாங்குச்சியில் அதை நிரப்பி, பத்து வெந்தயம் தூவுங்கள். நாலைந்து நாளில் நன்றாக முளைத்தால் உரம் தயார். நாலைந்துதான் முளைத்தது என்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

5. செடிக்குப் போடுதல்

சல்லடையில் சலித்து, ஓர் அடி அகலத் தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி. தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஓரமாகப் போட்டு, மேல் மண்ணோடு லேசாகக் கிளறித் தண்ணீர் விடுங்கள்.

சல்லடையில் தங்கும் கட்டி, குச்சி, அரைகுறை ஓடு எல்லாவற்றையும் அடுத்த வாளியின் அடியில் போட்டுவிடுங்கள். நுண்ணுயிர்கள் அதிலேயே இருப்பதால் அந்த முறை மோர்கூடத் தேவைப்படாது.