கணினி விஞ்ஞான முதுமாணிக்கு எங்கே விண்ணப்பிப்பது: யாழ்ப்பாணப் பட்டதாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

முதுமாணிப் படிப்பு என்ற பேச்சு எழுந்ததும் நம்மவர் வீடுகளில் முதலில் வருவது உறவினர் இருக்கும் ஊரின் பெயர்தான்: மாமா ரொறன்ரோவில், சித்தி இலண்டனில். தங்குமிடச் செலவு குறையும் என்பது உண்மையே. எனினும் படித்து முடித்து என்ன தொழிலுக்குப் போவது என்பதைத் தீர்மானித்த பிறகே நாட்டைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு இரண்டு மட்டங்கள் உண்டு. ஒன்பதாம் மட்டம் பாடநெறிகளால் மட்டும் அமைந்த 30 கிரெடிட் படிப்பு. பத்தாம் மட்டம் ஆய்வுக்கூறும் சேர்ந்த 60 கிரெடிட் படிப்பு. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே தகைமையை உயர்த்திக்கொள்ள விரும்புபவருக்கு முதலாவதே போதும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து சிரேஷ்ட விரிவுரையாளராக உயர நினைப்பவரிடமோ ஆய்வேட்டுடன் கூடிய ஈராண்டுப் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. பிரித்தானியாவின் ஓராண்டு முதுமாணிக்குப் பணம் கட்டுமுன் இதை விசாரித்துக்கொள்ளாதவர்கள் ஊர் திரும்பிய பின்னரே சிக்கலை உணர்கிறார்கள்.

உள்நாட்டில் படிப்பதென்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, மொறட்டுவை, பேராதனை ஆகியவற்றின் பட்டமேற்படிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொழில் செய்வோருக்கென வார இறுதியில் வகுப்பு நடத்தும் கற்கைநெறிகள் கொழும்புப் பக்கத்தில் உள்ளன; ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அவற்றைப் படிப்பவர் வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலை வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவிய கையோடு வகுப்பில் அமர்ந்து, ஞாயிறு இரவு மீண்டும் ஏறித் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். ஒரு மாதம் எவராலும் முடியும். ஈராண்டுக்கு முடியுமா என்பதைச் சேருமுன் நேர்மையாகக் கணக்கிட்டுப் பாருங்கள். பயணச் செலவையும் கல்விக் கட்டணத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் அறவிடுவதில்லை என்பதால் பலரும் அங்கே விண்ணப்பிக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது: பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் ஓர் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் விதித்துள்ளது. வீசாவுக்கு வாழ்க்கைச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) முன்கூட்டியே வைப்பிலிட்டுக் காட்டவும் வேண்டியிருக்கும்.

அங்கே விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் புள்ளிகள் குறைவதால் அல்ல, பாடங்கள் பொருந்தாததால். கோட்பாட்டுக் கணினியியலிலும் கணிதத்திலும் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று பல துறைகள் நிபந்தனை வைக்கின்றன. நமது ஒரு கிரெடிட் 50 மணிநேரக் கற்றலைக் குறிக்கிறது, ஐரோப்பிய கிரெடிட் 25 முதல் 30 மணிநேரத்தைக் குறிக்கிறது. ஆகவே நீங்கள் மூன்று கிரெடிட்டுக்குப் படித்த ஓட்டோமாட்டா (கோட்பாட்டுக் கணினியியலின் ஒரு பகுதி) பாடம் அங்கே ஏறத்தாழ ஐந்தாறு கிரெடிட்டுக்குச் சமம். இந்தக் கணக்கைத் தெரியாமல் "மூன்று" என்றே எழுதி அனுப்பினால் உங்களை நீங்களே பாதியாகக் குறைத்துக்கொள்கிறீர்கள். பாடவிதானத்தையும் கற்றல் மணிநேரத்தையும் துறையிடம் எழுத்தில் பெற்று இணையுங்கள்.

ஆய்வு முதுமாணி தேடுவோருக்குப் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைவிட மேற்பார்வையாளரே முக்கியம். அவர் கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலர் தளத்தில் எடுத்து, அவற்றில் ஒன்றையாவது முழுதாக வாசித்த பிறகு மின்னஞ்சல் எழுதுங்கள். "உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்ற ஒற்றை வரியை எல்லோரும்தான் அனுப்புகிறார்கள். கட்டுரையின் எந்தப் பரிசோதனை உங்களுக்குக் கேள்வியை எழுப்பியது என்று எழுதுபவருக்கே பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

சென்னையையும் ஒதுக்கிவிட வேண்டாம். இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் பற்றிய விபரங்களை யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலேயே கேட்டறியலாம்.

எந்த நாடாயினும் பெறுபேற்று ஆவணத்தை இறுதித் திகதிக்குப் பல வாரங்கள் முன்னரே பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறுங்கள். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் அதற்காகக் கொழும்புக்குப் பஸ் ஏறவேண்டியதில்லை. கொன்சியூலர் பிரிவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே இருக்கிறது.