நிலத்திலிருந்து சீலிங் வரை கண்ணாடி யன்னல்: திருகோணமலையில் வீடு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உவர்மலையிலும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் புதிதாக வீடு கட்டுவோர் பலர், கடல் பார்த்த பக்கத்தில் சுவரை விட்டுவிட்டு நிலத்திலிருந்து சீலிங் வரை கண்ணாடி யன்னல் வைக்க விரும்புகிறார்கள். விரும்பத்தக்க விடயந்தான். ஆனால் அந்த யன்னல் வாடைக்காற்றையும் மழையையும் உப்பையும் தடுக்கும் சுவரின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பதை மறந்து, வழமையான யன்னலைப் பெரிதாக்கினால் போதும் என்று எண்ணுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

சுவரும் பீமும் முடிந்த பின்னர் யன்னல் செய்பவரை அழைப்பது அவற்றுள் முதலாவது. பத்தடி அகலத் திறப்பின் மேல் செல்லும் பீம், மேல்மாடியின் சுமையால் நாளடைவில் சில மில்லிமீற்றராவது தாழக்கூடும். அதற்கு இடம் விடாமல் சட்டத்தை இறுக்கிச் சீமெந்து பூசினால், சுமை சட்டத்தின் மேல் இறங்கி, இழுவைக் கதவு அசையாமல் போகும், கண்ணாடியும் வெடிக்கலாம். அலுமினியமும் வெயிலில் விரியும்: மூன்று மீற்றர் நீளச் சட்டம் 30 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீள்கிறது. ஆகவே பீமின் அளவைப் பொறியியலாளர் கணித்துத் தர வேண்டும். சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளியை நெகிழக்கூடிய சிலிக்கனால் அடைக்க வேண்டும்.

வடக்குப் பக்கம் வெயில் படாது என்ற நம்பிக்கையும் நமது ஊருக்குப் பொருந்தாது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி உச்சிக்கு வரும் சூரியன், அதன்பின் ஓகஸ்ட் இறுதி வரை நண்பகலில் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. கச்சான் காற்று வீசும் கடும் வெப்ப மாதங்களும் அவையே. மேற்குப் பக்கம் அதைவிடக் கடுமையானது, ஏனெனில் மாலை வெயில் தாழ்வாரத்தின் கீழாகவே நுழைந்துவிடும். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெப்பத்தைப் பெருமளவு திருப்பி அனுப்பாது. நிழல் வெளியிலேயே அமைய வேண்டும். இரண்டு கதவுள்ள இழுவை யன்னல் பாதியளவே திறக்கும் என்பதையும், மின்சாரம் நின்ற இரவில் அந்தப் பாதியே காற்று வரும் வழி என்பதையும், நுளம்பு வலைக்குத் தனிப் பாதை வேண்டும் என்பதையும் வரைபடம் போடும்போதே நினைவிற் கொள்ள வேண்டும்.

கண்ணாடியில் சிக்கனம் பார்ப்பது ஆபத்தானது. நான்கடி அகலமும் ஒன்பதடி உயரமும் கொண்ட 10 மில்லிமீற்றர் கண்ணாடி ஏறக்குறைய 84 கிலோ எடையுள்ளது. மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று, அதன்மேல் சுமார் 130 கிலோ எடைக்கு ஈடாக அழுத்தும். 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை நாம் மறந்துவிட முடியாது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்திபோன்ற துண்டுகளாகும். சூடாக்கி விரைவாகக் குளிர்வித்து வலுவூட்டிய டெம்பர்ட் கண்ணாடி சிறு மணிகளாக உதிரும். இரு கண்ணாடிகளைப் படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் இடையிலுள்ள அந்தப் படலத்தில் ஒட்டியபடி நிற்கும். மேல்மாடிக்கும் கடற்கரை முகப்புக்கும் இந்த மூன்றாவதையே நான் தெரிவு செய்வேன். டெம்பர் செய்த பின்னர் கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், பூச்சு வேலை முடிந்த திறப்பை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்த பிறகே கட்டளை கொடுக்க வேண்டும். சிறுவர் உள்ள வீட்டில், கண்ணாடி இருப்பது தெரியும்படி அவர்களின் கண்மட்டத்தில் ஓர் அடையாளம் ஒட்டுவது அவசியம்.

உப்புக் காற்றின் வேலை மெதுவானது, ஆனால் நிற்காதது. எங்கள் வீட்டில் அலுமினியச் சட்டத்தைச் சாதாரண இரும்பு ஆணிகளால் பொருத்தியிருந்தார்கள். துருக்கறை வழிந்த பிறகுதான், இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியமே அரிக்கப்படும் என்பதை அறிந்து வருந்தினோம். கடலோரத்துக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகளைக் கேட்டு வாங்குங்கள். வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் உலோகத்தையும் லாமினேட்டட் கண்ணாடியின் விளிம்பையும் கெடுக்கும். நியூட்ரல் வகையே ஏற்றது. ஈரச் சீமெந்தும் அலுமினியத்தை அரித்துக் கண்ணாடியில் அழியாத கறை விடும் என்பதால், பூச்சு வேலை நடக்கும் காலம் முழுவதும் சட்டத்தையும் கண்ணாடியையும் மூடிவைக்க வேண்டும்.

மழைநீரைப் பற்றிய தவறு பெரும்பாலும் தரையில் நிகழ்கிறது. அழகுக்காக விறாந்தையையும் அறையையும் ஒரே மட்டத்தில் அமைத்தால், மார்கழி மழை சாய்வாக அடிக்கும்போது நீர் உள்ளேதான் வரும். வெளித்தரை தாழ்ந்து வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். இழுவை யன்னல் ஓடும் கீழ்ப்பாதையில் நீர் வடிவதற்கென உள்ள சிறு துளைகளை டைல் பதிப்பவர் அறியாமல் சீமெந்தால் அடைத்துவிடுவதுண்டு. அவர் வேலை முடித்த அன்றே ஒரு குவளை நீரைப் பாதையில் ஊற்றி, அது வெளியே போகிறதா என்று பாருங்கள். பின்னர், ஐப்பசி மழை தொடங்குமுன், இறுதிக் கொடுப்பனவுக்கும் முன்னதாக, ஒருவர் உள்ளே நின்று கவனிக்க, மற்றவர் வெளியிலிருந்து குழாய் நீரைக் கீழ்ச்சட்டத்தில் தொடங்கி மெதுவாக மேல்நோக்கி அடித்துச் செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும். கீழிருந்து தொடங்கினால் எந்த மூட்டில் கசிகிறது என்பது தெளிவாகத் தெரியும்.