பழைய வண்டியில் புது செட்: ஸ்பீக்கர் ஒயரில் கை வைக்கும் முன்

அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 என்று வீட்டில் நிற்கும் வண்டிக்குப் புளூடூத் செட் வாங்கிவந்து தாங்களே மாட்டுகிற பையன்கள் இப்போது அதிகம். நல்லதுதான். ஆனால் தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்று, செட்டின் ஆழம் டேஷ்போர்டுக்குள் அடங்குமா என்று அளந்து பார் என்பதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். அது செட்டோடு வரும் தாளிலேயே இருக்கும்.

ஸ்பீக்கர் மைனஸை பாடி எர்த்தில் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். போவது ஃபியூஸ் இல்லை, முழு செட்.

பழைய கேசட் செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர்தான் போகும். இன்னொரு முனையை அங்கேயே எர்த்தில், அதாவது பேட்டரி நெகட்டிவ் இணைந்திருக்கும் வண்டியின் பாடித் தகரத்தில், ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். இல்லையென்றால் இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவாக ஒரே மைனஸ் ஓடும். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயருக்கு அது போதும். இன்றைய செட்டுக்குள் இருப்பது டிடிஏ 7388 போன்ற பிரிட்ஜ் வகை ஐசி; ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரையும் அந்தச் சில்லே இயக்கும். செட்டை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்து, சிவப்பை ஏதாவது ஒரு ஸ்பீக்கர் ஒயரில் வையுங்கள். பேட்டரியில் பாதி, சுமார் 6 வோல்ட் காட்டும். பிளஸ் ஒயரிலும் அதே 6, மைனஸிலும் அதே 6. மைனஸை எர்த்தில் தொட்டால் அந்த ஆறு வோல்ட் ஐசி வழியாக நேரே ஷார்ட் ஆகிறது.

வாட்டுக்காகத்தான் இந்த ஏற்பாடு. 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு, பழைய முறையில் கணக்குப்படி ஆறரை வாட் தேறும்; பிரிட்ஜில் 26. பெட்டிமேல் அச்சடித்த ‘50 வாட், நான்கு’ என்பதை யாரும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கோவையில் ஓர் அம்பாசடர். பழைய ஒயரிலேயே மாட்டிய புது செட் பாடவே இல்லை. கடையில் மாற்றி வாங்கி வந்தார்கள், அடுத்ததும் போயிற்று. மாட்டிய பையன் கேட்டான்: “ஏனுங்ணா, பழைய செட்டு இதே ஒயர்லதானுங்ளே பாடுச்சு?” நியாயமான கேள்விதான். பாடியதால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மைனஸைத் தொங்கவிட்டு பிளஸை மட்டும் பழைய ஒயரில் இணைக்கும் புத்திசாலிகளும் உண்டு. அப்போது 6 வோல்ட் டிசி ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் (காயில்) வழியாக எர்த்துக்கு ஓடும். 4 ஓமுக்கு ஒன்றரை ஆம்பியர். பாட்டு இல்லாமலே காயில் சுடும். பொது மைனஸ் இன்னும் மோசம். சத்தம் குறைவாக இருக்கும்வரை ஒழுங்காகப் பாடும். வால்யூம் ஏற்றினால் இடதும் வலதும் ஒன்றோடொன்று மோதி ஐசி காயும். பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறதே என்பார்கள். மலிவு செட்டில் அதை நம்பி நான் மாட்ட மாட்டேன்.

செட்டை இணைக்கும் முன்பே, ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே ஓம் பாருங்கள். மீட்டர் அசையவே கூடாது. மூன்று நான்கு ஓம் காட்டினால் எங்கோ எர்த் இருக்கிறது. இடது ஜோடிக்கும் வலது ஜோடிக்கும் இடையிலும் அப்படியே பாருங்கள். சந்தேகம் என்றால் பழைய ஒயரைத் தேடி ஒட்டுப்போடாமல், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரட்டை ஒயர் புதிதாக இழுங்கள். கதவோரம் தரைவிரிப்புக்கு அடியில் விட்டு, பின்சீட்டுக்குப் பின்னால் ஏற்றினால் வெளியே தெரியாது.

மஞ்சளும் சிவப்பும்

செட்டின் மஞ்சள் ஒயர் நேரே பேட்டரிக்கு, சிவப்பு சாவி வழியாக. இரண்டையும் முறுக்கிச் சாவியில் கொடுத்தால் ஸ்டேஷன் நினைவு அழியும். இரண்டையும் பேட்டரியில் கொடுத்தால், வண்டி சில நாள் நின்றதும் தள்ள ஆள் தேட வேண்டும். இந்த நிறமெல்லாம் செட்டின் நிறம். வண்டிக்குள் இருக்கும் மஞ்சள் வேறு எதற்கோ போகலாம். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்காமல் எதையும் வெட்டாதீர்கள்.

ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாள்

வண்டி எரியும்.

துருவில் எர்த்

செட்டின் எர்த்தான கறுப்பு ஒயரைப் பெயிண்ட் மேலேயோ துருப்பிடித்த ஸ்க்ரூவிலோ இறுக்கினால் கரண்ட் வேறு வழி தேடும். பெரும்பாலும் ஆன்டெனா கேபிளின் மேல்வலைதான் அந்த வழி. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஞொய்ங்’ என்று ஏறுவதற்கு இது ஒரு காரணம். இரைச்சல் ஃபில்டர் வாங்க ஓடுவதற்கு முன், வெறும் தகரம் தெரியும்வரை சுரண்டி, ஒயர் நுனியில் வளையம் போட்டு இறுக்கிப் பாருங்கள்.

முறுக்கி டேப் சுற்றுவது

சித்திரை வெயிலில் டேஷ்போர்டுக்குள் அந்தப் பசை உருகி வழியும். சால்டர் வையுங்கள், ஸ்லீவ் போடுங்கள்.